குவாங்சோ வர்த்தகக் கண்காட்சிக்குப் புறப்படும் முன்னர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சீனாவின் குவாங்சோ நகரில் ஆண்டுக்கு இரு தடவைகள் நடைபெறும் இறக்குமதி, ஏற்றுமதிக் கண்காட்சிக்கு, அதாவது நம்மவர்கள் கன்டன் பெயார் என்று சொல்லும் கண்காட்சிக்கு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து முதற்தடவையாகச் செல்ல எண்ணியிருக்கும் சிறு வணிகர்களுக்கும் தொழில் செய்வோருக்கும் பயன்படக்கூடிய சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். பெரியகல்லாற்றில் அரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பொதி செய்து விற்கும் சிறிய தொழிலொன்றை நடத்தி வருகிறேன். பொதி செய்யும் இயந்திரம் ஒன்றைத் தேடி இரு தடவைகள் அங்கு சென்றிருக்கிறேன். முதற்பயணம் முற்றாக வீணானது. இரண்டாவதில் போன காரியம் முடிந்தது. இரண்டு பயணங்களிலும் நகரமும் மண்டபங்களும் ஒன்றே. வீட்டில் இருந்தபடியே செய்து முடித்திருக்க வேண்டிய ஆயத்தங்களை முதற்தடவை நான் செய்யவில்லை என்பதே வேறுபாடு.

1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கண்காட்சி இளவேனில், இலையுதிர் காலம் என ஆண்டுக்கு இரு பருவங்களில் நடைபெறுகிறது. ஒவ்வொரு பருவமும் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் ஐந்து நாட்கள் நீடிக்கும். அண்மைய ஆண்டுகளில் இளவேனிற் பருவத்தின் முதற்கட்டம் ஏப்ரல் 15 முதல் 19 வரையும், இரண்டாம் கட்டம் 23 முதல் 27 வரையும், மூன்றாம் கட்டம் மே 1 முதல் 5 வரையும் நடைபெற்றன. இலையுதிர் பருவத்தில் ஒக்டோபர் 15 முதல் 19 வரை, 23 முதல் 27 வரை, ஒக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை என்று அவை அமைந்தன. இந்தக் கட்டங்கள் ஒரே பொருட்களை மூன்று முறை காட்டுபவை அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரங்கள், மின்சார, இலத்திரனியல் பொருட்கள், விளக்குகள், வாகனங்கள், இரும்புச் சாமான்கள் முதலியன முதற்கட்டத்தில் வரும். வீட்டுப் பாவனைப் பொருட்கள், பாத்திரங்கள், அன்பளிப்புப் பொருட்கள், தளபாடங்கள், கட்டடப் பொருட்கள் ஆகியவற்றுக்கு இரண்டாம் கட்டம். துணி, ஆடை, பாதணி, விளையாட்டுச் சாமான், எழுதுபொருள், உணவு ஆகியன மூன்றாம் கட்டத்துக்குரியவை. ஒரு கட்டம் முடிந்ததும் அந்த விற்பனையாளர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த கட்டத்தில் அதே மண்டபத்தில் வேறு மனிதர்களும் வேறு பொருட்களும் இருப்பார்கள்.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் முழுப் பணத்தையும் கட்டி, அவர் குறித்துத் தந்த திகதியில் ஏப்ரல் இறுதியில் போய் இறங்கினேன். மறுநாள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, எந்தப் பக்கம் திரும்பினாலும் குழந்தைகளின் உடுப்புகளும் சப்பாத்துகளும் பொம்மைகளுமே இருந்தன. இயந்திரக்காரர்கள் போய்ப் பத்து நாட்களுக்கு மேலாகியிருந்தது. தொழிற்சாலைகளையாவது நேரில் பார்க்கலாம் என்றால், மே முதலாம் திகதியை ஒட்டிச் சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை; நான் தொடர்புகொண்ட தொழிற்சாலைகள் பூட்டியிருந்தன. வீட்டார் சேர்த்துத் தந்த பணத்தில் போனவன் வெறுங்கையோடு திரும்பினேன். இன்னொருவருக்கு அந்த நிலைமை வரக்கூடாது. ஆகவே விமானச்சீட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர், கண்காட்சியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் உங்கள் பொருள் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை நீங்களே பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தயக்கமாக இருந்தால் படிக்கிற பிள்ளையொன்றைப் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். இதை ஏற்பாட்டாளரின் பொறுப்பில் விட வேண்டாம்.

நாட்காட்டியையும் நம் ஊரின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15ஆம் திகதி முதற்கட்டம் தொடங்குகிறது என்றால், சித்திரைப் புத்தாண்டன்றே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் வங்கிகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். கொழும்புக்கான பஸ்களும் குறைந்துவிடும். வீசா, பணமாற்றம், கடனட்டை அலுவல்கள் யாவற்றையும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடித்துவிடாதவர் அந்தக் கட்டத்துக்குப் போக முயல்வது வீண் பதற்றம். இயந்திரம் பார்க்கச் செல்பவர்களுக்கு ஒக்டோபரே நல்லது என்பது என் எண்ணம். ஒக்டோபர் முதல் வாரத்து சீனத் தேசிய தின விடுமுறை முடிந்து தொழிற்சாலைகள் திறந்திருக்கும், குவாங்சோவின் ஏப்ரல் மாதத்து மழையும் புழுக்கமும் தணிந்திருக்கும். சில ஆண்டுகளில் தீபாவளி அந்த நாட்களில் வந்துவிடுவது வீட்டாருக்கு மனக்குறையாக இருக்கலாம். அதையும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு, பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும், அதில் வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர்கள் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கோ வவுனியா, கண்டி போன்ற பிராந்திய அலுவலகங்களுக்கோ போய்வரும் நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். இலங்கையருக்குச் சீனா செல்ல வீசா அவசியம். கண்காட்சிக்குச் செல்பவர் கோர வேண்டியது வர்த்தக வீசாவாகிய “எம்” (M) வகை வீசா. கண்காட்சியின் இணையத்தளத்தில் வெளிநாட்டுக் கொள்வனவாளராகப் பதிவுசெய்தால் அழைப்புக் கடிதத்தை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். அந்தக் கடிதத்துக்கென்று இடைத்தரகர் எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. வீசாவின் செல்லுபடிக்காலம் அது வழங்கப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதால் மிக முந்தியும் விண்ணப்பிக்கக்கூடாது, கடைசி வாரம் வரை வைத்திருக்கவும் கூடாது. பயணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் கொழும்பில் விண்ணப்பத்தை ஒப்படைத்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

விமானச்சீட்டை வாங்கும்போது, கோலாலம்பூர், பாங்கொக், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மாறிச் செல்வதாக இருந்தால், முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தனித்தனிச் சீட்டுகளை மலிவாக வாங்கினால், இடைப்பட்ட நாட்டில் பயணப்பொதியை வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி தேவைப்படும். மிச்சம் பிடித்த பணத்தை விட அதிகமான நட்டம் அந்த ஒரு தவறிலேயே வந்துவிடும்.

கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்வதும் நமக்கு ஒரு பயணம்தான். கொழும்பில் இருப்பவர் மூன்று மணித்தியாலத்துக்கு முன் வீட்டிலிருந்து கிளம்பலாம். நாம் முதல் நாளே கிளம்ப வேண்டும். இரவுப் புகையிரதத்தில் போய்க் காலையில் கோட்டையில் இறங்கி, அதே காலையில் விமானம் ஏறலாம் என்று திட்டமிடுவதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். காட்டு யானைகள் கடக்கும் பாதை என்பதால் இரவில் வண்டி மெதுவாக ஓடும், தாமதமும் ஏற்படும். பஸ்ஸில் அல்லது வேனில் செல்பவர்கள் கொழும்பு நகருக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. குருநாகலிலிருந்து நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொடை வழியாகச் செல்லும் வீதி கட்டுநாயக்காவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் விடும். மாரி மழை தொடங்கிவிட்டால் மன்னம்பிட்டிப் பக்கத்தில் வெள்ளம் வீதியை மூடிவிடுவதுண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம். விமானம் புறப்படும் நாளுக்கு முதல் நாள் மாலையே நீர்கொழும்புப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுவது, அதற்கு ஆகும் சிறு செலவோடு பார்க்கும்போது, மிகப் பெரிய நிம்மதி.

இனிப் பணமும் தொலைபேசியும். அங்கு இவை இரண்டும் ஒன்றே என்பதால் இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீனாவில் வீதியோரத்துப் பழக்கடை முதல் பெரிய கடைத்தொகுதி வரை எல்லோரும் கைத்தொலைபேசியால் சதுரக் குறியீட்டை வருடியே பணம் கொடுக்கிறார்கள். அதற்கு அலிபே அல்லது வீ-சட் செயலி வேண்டும். வெளிநாட்டு வங்கிகளின் வீசா, மாஸ்டர்கார்ட் அட்டைகளையும் இப்போது அவற்றில் இணைக்கலாம். அலிபேயில் 200 யுவானுக்கு உட்பட்ட கொடுப்பனவுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு மூன்று வீதம் அறவிடப்படும். செயலியை இங்கேயே பதிவிறக்கி, கடவுச்சீட்டு விபரங்களை உட்செலுத்தி, அட்டையை இணைத்து, எல்லாம் சரிவர வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் வங்கி அட்டையை உறுதிப்படுத்த அனுப்பும் ஓ.டி.பி. இலக்கம் நமது இலங்கை சிம்முக்கே வரும். ரோமிங் வசதியை முன்கூட்டியே ஏற்படுத்தாமல் போனால் அந்த இலக்கம் வராது, அது வராவிட்டால் அட்டையை இணைக்க முடியாது. அட்டையை வெளிநாட்டில் பாவிக்க அனுமதி வழங்கும்படி வங்கிக் கிளைக்குச் சொல்லிவிட்டுப் போவதும் அவ்வாறே கட்டாயமானது.

இத்தனைக்கும் மேலாகக் கொஞ்சம் யுவான் தாளும் கையில் இருக்கட்டும். தொலைபேசியின் மின்கலம் இறங்கிவிட்டால் அதுவே துணை. அமெரிக்க டொலரைக் கடவுச்சீட்டுடன் சென்று அங்குள்ள வங்கியிலோ விமான நிலையத்திலோ மாற்றிக்கொள்ளலாம், தெருவில் மாற்றித் தருவதாக அணுகுபவரிடம் ஒருபோதும் கொடுக்கக்கூடாது. 5,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தாள்களைக் கொண்டு செல்பவர் சீனச் சுங்கத்தில் அதை அறிவிக்க வேண்டும்.

நாம் அன்றாடம் பாவிக்கும் வட்ஸ்அப், கூகிள், பேஸ்புக், யூடியூப் எவையும் சீனாவின் சாதாரண இணைய இணைப்பில் இயங்கமாட்டா. ஹோட்டலின் வைபை கிடைத்ததும் வீட்டுக்குப் பேசலாம் என்று நினைத்திருப்பவர் முதல் இரவே திகைத்துப் போவார். அவரைவிட வீட்டில் இருப்பவர்கள் அதிகம் பயந்துவிடுவார்கள். இலங்கை சிம்மின் ரோமிங் தரவில் இவை பொதுவாக இயங்கும். ஆனாலும் வீட்டில் ஒருவரின் தொலைபேசியிலும் வீ-சட்டைப் போட்டுப் பழக்கிவிட்டுப் போவதே பாதுகாப்பானது. அங்குள்ள வணிகர்கள் அனைவரும் அதிலேயே பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பு வசதியும் அதற்குள் இருக்கிறது. ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். டாக்சிச் சாரதிக்கு ஆங்கில எழுத்தில் காட்டிப் பயனில்லை. சாதாரணக் குடியிருப்பில் நண்பருடன் தங்குபவர் 24 மணித்தியாலத்துக்குள் அப்பகுதிப் பொலிஸில் பதிவுசெய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

கண்காட்சி வளாகம் ஹைசூ மாவட்டத்தில், முத்து நதிக்கரையில், பாசோ என்னும் இடத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் அதைச் சுற்றியுள்ள ஹோட்டல்களின் கட்டணம் பலமடங்கு ஏறிவிடும். வளாகத்துக்குப் பக்கத்தில் தங்குவதற்காக அந்தப் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் எங்கு தங்கினாலும் போதும். பையூன் விமான நிலையத்திலிருந்து மூன்றாம் இலக்க மெட்ரோவில் ஏறி, கசூன் நிலையத்தில் எட்டாம் இலக்கத்துக்கு மாறினால், ஷின்காங்தொங், பாசோ ஆகிய இரு நிலையங்களும் வளாகத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். ஏ மண்டபங்களுக்கு ஷின்காங்தொங்கிலும், பி, சி மண்டபங்களுக்குப் பாசோவிலும் இறங்க வேண்டும். காலை 9.30க்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். முதல் நாள் நுழைவு அட்டை பெறுவதற்குக் கடவுச்சீட்டு, அழைப்புக் கடிதம் இரண்டையும் கொண்டு செல்ல வேண்டும். அந்த அட்டை பின்வரும் பருவங்களுக்கும் பாவிக்கக்கூடியது, திரும்பி வந்ததும் எறிந்துவிடாதீர்கள்.

கண்காட்சிப் பரப்பு 15 இலட்சம் சதுர மீற்றருக்கும் அதிகமானது. ஐந்து நாளும் நடந்தாலும் முழுவதையும் பார்த்து முடிக்க முடியாது. பார்க்க முயல்வதும் தவறு. இரண்டாவது பயணத்துக்கு முன்னர், இணையத்தளத்தில் பொதியிடும் இயந்திர நிறுவனங்களைத் தேடி, அவற்றின் மண்டப இலக்கத்தையும் காட்சிக்கூட இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். முதல் இரண்டு நாட்களில் அவற்றை மட்டும் பார்த்து முடித்தேன். புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே காலுக்குப் பழகியது வேண்டும். பெயர் அட்டைகள் இருநூறாவது அச்சடித்துக்கொண்டு செல்லுங்கள், இரண்டு கைகளாலும் கொடுப்பதும் வாங்குவதும் அங்குள்ள மரியாதை. வாங்கிய அட்டையின் பின்புறத்தில் விலை, ஆகக் குறைந்த எண்ணிக்கை, தயாராகும் காலம் ஆகியவற்றை அந்தக் கூடத்தில் நிற்கும்போதே எழுதிவிட வேண்டும். இரவு ஹோட்டலுக்கு வந்து பார்த்தால் எந்த அட்டை எந்த இயந்திரத்துக்குரியது என்பதே நினைவில் இராது.

இயந்திரம் வாங்குபவர்கள் மின்சாரத்தைப் பற்றிக் கேட்க மறக்கக்கூடாது. அங்கு வீட்டு மின்சாரம் 220 வோல்ட், இங்கு 230. இரு நாட்டிலும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் இயந்திரங்கள் பல மும்முனை மின்சாரத்தில் இயங்குபவை. நம் வீட்டு வளவில் ஒருமுனை இணைப்பு மட்டுமே இருந்தால் அதற்கேற்ற மோட்டரை முதலிலேயே கேட்டு விலைக்கூறலில் எழுதிவாங்க வேண்டும். நம் தொலைபேசி மின்னேற்றியின் செருகி அங்குள்ள சுவர்த்துளைக்குப் பொருந்தாது; மாற்றி ஒன்று கட்டாயம் தேவை. பவர் பேங்கைப் பயணப்பொதியில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். 2025 ஜூன் இறுதியிலிருந்து சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்னும் சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், குவாங்சோவிலிருந்து வேறு நகருக்குப் பறக்க எண்ணுபவர்கள் அதைக் கவனிக்கவும்.

உணவைப் பற்றி ஒரு சொல். இரண்டாவது தடவை என்னுடன் வந்த காத்தான்குடி நண்பர் எல்.ஈ.டி. விளக்குகள் பார்க்க வந்தவர். ஹலால் உணவு கிடைக்குமோ என்ற கவலையில் ஒரு பெட்டி நிறைய பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தாம் இலக்க மெட்ரோவில் உள்ள சியாவ்பெய் என்ற பகுதியில் அரபு, ஆபிரிக்க வணிகர்கள் நெடுங்காலமாகப் புழங்குவதால் ஹலால் உணவகங்கள் அங்கு நிறைய உண்டு. வேறிடங்களிலும் சிங்சென் என்ற சீனச் சொல் எழுதப்பட்ட பலகை உள்ள கடை ஹலால் கடை. அந்த எழுத்தின் படத்தைத் தொலைபேசியில் வைத்திருந்தால் அடையாளம் காணலாம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அவர் போன ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் சீனாவின் மிகப் பழைமையான பள்ளிவாசல்களுள் ஒன்று. அதன் மினாரா ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்ததாம். வாசலில் காத்து நின்ற எனக்கும் அது மனதில் நின்ற காட்சி. சைவ உணவு உண்பவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். மரக்கறி என்று சொல்லித் தருவதிலும் இறைச்சித் துண்டோ இறைச்சிச் சாறோ இருக்கும். பௌத்தர்களின் சைவ உணவகங்களைத் தேடிப் போவதே வழி. சீனி, அழுத்த வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பயண நாட்களை விட ஒரு வாரத்துக்கு அதிகமான மாத்திரையை அதன் சொந்த உறையிலும், வைத்தியரின் சீட்டுடனும் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் ஒரு நாளையாவது தொழிற்சாலையை நேரில் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதியிடும் இயந்திரத் தொழிற்சாலைகள் பல இருக்கும் போஷான் நகரம் குவாங்சோவுடன் மெட்ரோவாலேயே இணைந்திருக்கிறது. கூடத்தில் தம்மை உற்பத்தியாளர் என்று அறிமுகப்படுத்திய ஒருவர், நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். அவரிடம் நான் வாங்கவில்லை. வாங்கியவரின் தொழிற்சாலையில் என் குரக்கன் மாவையே அந்த இயந்திரத்தில் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். அரைக் கிலோ மா கொண்டுபோயிருந்தது அவ்வளவுக்கு உதவியது. முற்பணமாக நூற்றுக்கு முப்பது, மீதி கப்பலேற்றும் முன் என்பது அங்கு பொதுவான வழக்கம். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, பின்னர் மின்னஞ்சலில் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று வந்தாலோ, தொலைபேசியில் நேரடியாகப் பேசி உறுதிப்படுத்தாமல் ஒரு சதமும் அனுப்பக்கூடாது. இலங்கையில் அந்தப் பொருளுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டுமா, தீர்வை எவ்வளவு என்பதை சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டை வைத்துக் கொழும்பிலுள்ள தீர்வை முகவரிடம் புறப்படும் முன்னரே கேட்டுவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இவற்றையெல்லாம் நான் பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். மருதமுனையில் தறி வைத்திருப்பவருக்கும், சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துபவருக்கும், வாழைச்சேனையில் கடை வைத்திருப்பவருக்கும் இந்த விபரங்களைத் தமிழில் எடுத்துச் சொல்ல நம் இரு மாவட்டங்களிலும் ஓர் இடம் இருக்க வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் மாவட்டச் செயலகங்களும் வர்த்தக சங்கங்களும் இணைந்து, இரு பருவங்களுக்கும் இரண்டு மாதங்கள் முன்னதாக, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஒவ்வொரு நாள் விளக்கக் கூட்டம் நடத்தினால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. சென்று வந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அழைத்தால் நானும் என் கொப்பியையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
சிறு தொழில் செய்யும் வாசகர் ஒருவர்,
பெரியகல்லாறு, மட்டக்களப்பு.